கழி வளையவில்லையா? கோடைக் கிராப்பிக்கு கிராங்க்பெய்ட் இழுக்கும்போது வரும் கோளாறுகள்

மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதியில் அர்க்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரனேடா என நான்கு பெரிய நீர்த்தேக்கங்கள் உள்ளன. வெள்ளத் தடுப்புக்காக அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய அணைகள் இவை. முதலாவதான சார்டிஸ் 1940இல் முடிந்தது, கடைசியான கிரனேடா 1954இல். கிராப்பி என்பது வட அமெரிக்க நன்னீர் மீன். அதன் ஒரு வகையான வெள்ளைக் கிராப்பியில் உலகச் சாதனையாகப் பதிவான 5 பவுண்டு 3 அவுன்ஸ் மீன் ஈனிட் ஏரியில் பிடிபட்டது. நாள், 1957 ஜூலை 31. அந்தத் தேதியை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. கிராப்பி வசந்தகால மீன், மே மாதம் முடிந்தால் தூண்டிலைக் கட்டி வைத்துவிட வேண்டியதுதான் என்ற எண்ணம் பலரிடம் இன்னும் இருக்கிறது.

கோடையில் மீன் ஏரியை விட்டுப் போய்விடுவதில்லை. முட்டையிட்ட கரையோரத்திலிருந்து விலகி, திறந்த நீரில், மேலும் இல்லாமல் அடியும் இல்லாமல் நடு ஆழத்தில் நிற்கிறது. ஷாட் என்னும் சிறு மீன் கூட்டம் எங்கே நகர்கிறதோ அங்கே அதுவும் நகர்கிறது. இத்தனை பெரிய பரப்பில் அதை ஓரிடத்தில் நங்கூரம் போட்டுத் தேட முடியாது. அதனால்தான் டிரோலிங்: படகின் இருபுறமும் கழிகளை நீட்டி, நீரைக் குடைந்து கீழிறங்கும் உதடு வைத்த கிராங்க்பெய்ட் என்னும் செயற்கை இரைகளைப் பின்னால் விட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டே போவது. வெதுவெதுப்பான நீரில் மீனுக்குச் செரிமானமும் வேகம், பசியும் வேகம். ஓடும் இரையைத் துரத்த அது தயங்குவதில்லை.

எல்லாம் சரியாக நடக்கும்வரை எளிய வேலைதான். கோளாறு வந்ததும் பெரும்பாலோர் பெட்டியைத் திறந்து வேறு நிறத்தில் ஒரு இரையை எடுக்கிறார்கள். நிறம் கடைசியில் தொட வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: நான் விட்ட இரை இந்த நொடியில் உண்மையில் எங்கே, எப்படி ஓடுகிறது? கீழே உள்ள அறிகுறிகளில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழக்கமான அமைப்பை வைத்துக்கொள்வோம். 10 பவுண்டு இழுவை தாங்கும், ஒற்றை இழையாலான (மோனோ) நைலான் நரம்பு. எத்தனை அடி விட்டோம் என்று காட்டும் கணக்கி பொருத்திய ரீல். நுனி இளகிய கழிகள், படகின் முன்பக்கத்தில் 16 அடி, பின்னால் வர வர 14, 12, 8. இரை, பேண்டிட் 300 என்னும் கிராங்க்பெய்ட் போல 2 அங்குல நீளமுள்ளது. வேகம் மணிக்கு 1.5 முதல் 2 மைல். ஒருவர் எத்தனை கழி வைக்கலாம், எத்தனை அங்குலத்துக்கு மேற்பட்ட மீனை எடுத்துச் செல்லலாம், நாளொன்றுக்கு எத்தனை என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மட்டுமல்ல, ஏரிக்கு ஏரியும் மாறும். படகை இறக்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். அர்க்கபட்லாவுக்குப் போவதாக இருந்தால் நீர்மட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அணையில் 2023இல் கோளாறு கண்டறியப்பட்டு ஏரியின் நீர் இறக்கப்பட்டது.

அறிகுறி: சோனார் திரையில் மீன் தெரிகிறது, ஒரு கழிகூட வளையவில்லை

ஒலியலை அனுப்பி நீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவிதான் சோனார். அதிகம் கேட்கப்படும் குறை இதுதான். பத்தில் எட்டுப் பேருக்கு ஆழம் தவறியிருக்கும்.

பேண்டிட் 300இன் உறையில் 8 முதல் 12 அடி ஆழம் என்று போட்டிருப்பார்கள். அது நின்ற இடத்திலிருந்து எறிந்து இழுப்பவருக்கான கணக்கு. நீளமாக விட்டு இழுக்கும்போது அதையும் தாண்டி இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எத்தனை அடி நரம்பு வெளியே இருக்கிறது, அந்த நரம்பு எவ்வளவு தடிமன். நரம்பு தடித்தால் நீரின் எதிர்ப்பு கூடும், இரை மேலே நிற்கும். நரம்பின் நீளத்தால் கிடைக்கும் ஆழமும் சீராகக் கூடுவதில்லை. முதல் 50 அடி தரும் ஆழத்தை அடுத்த 50 அடி தராது. ஒரு கட்டத்துக்குப் பிறகு எவ்வளவு விட்டாலும் இரை அதே ஆழத்தில்தான் ஓடும்.

ஆகவே ரீல் காட்டும் எண்ணை ஆழம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். ஆழத்தை அளக்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. மரக்கட்டைகள் இல்லாத, சமமான, மணலோ களிமண்ணோ உள்ள அடித்தளத்தைத் தேர்ந்தெடுங்கள். சோனாரில் 12 அடி என்று நிலையாகக் காட்டும் இடம் போதும். வழக்கமான வேகத்தில் இழுத்துக்கொண்டே நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இரையின் உதடு தரையைத் தட்டத் தொடங்கியதும் கழி நுனி சீரான அதிர்வை விட்டு வெட்டி வெட்டி ஆடும். அப்போது கணக்கி என்ன காட்டுகிறதோ அதுதான் அந்த இரைக்கும் அந்த நரம்புக்கும் 12 அடியின் விலை. 10 அடித் தளத்திலும் 14 அடித் தளத்திலும் இதையே செய்து ஒரு அட்டையில் எழுதி ரீலோடு கட்டிவிடுங்கள். ஒரு காலைப்பொழுது போகும். ஆனால் அந்தக் கோடை முழுவதும் ஊகத்துக்கு வேலை இருக்காது.

ஆழம் தெரிந்த பிறகு, மீன் நிற்கும் மட்டத்துக்கு இரையை இறக்காதீர்கள். அதற்கு ஓரிரு அடி மேலே ஓட விடுங்கள். கிராப்பியின் கண்கள் மேல்நோக்கிப் பார்க்க வசதியாக அமைந்தவை. தலைக்கு மேலே போகும் இரையை எழும்பி வந்து எடுக்கும். வயிற்றுக்குக் கீழே போவதை ஏறெடுத்தும் பார்க்காது. திரையில் 14 அடியில் மீனைக் குறிக்கும் வளைவுகள் தெரிந்தால் இரை 12 அடியில் ஓடட்டும்.

அடுத்தது, திரையில் தெரியும் எல்லாமே பிடிக்கக்கூடிய மீன்தானா என்ற கேள்வி. கோடையில் ஆழமான ஏரி அடுக்குகளாகப் பிரிகிறது. மேலே சூடான, லேசான நீர். அடியில் குளிர்ந்த, கனத்த நீர். நடுவே வெப்பநிலை சட்டென்று விழும் மெல்லிய அடுக்கு. அதைத் தெர்மோகிளைன் என்கிறார்கள். காற்று மேல்நீரை மட்டுமே கலக்குகிறது. அடிநீருக்குப் புதிய பிராணவாயு போய்ச் சேர்வதில்லை. அங்கே மட்கும் இலை தழையெல்லாம் இருந்ததையும் தின்று தீர்த்துவிடும். அதனால் அந்த அடுக்குக்குக் கீழே மீனைத் தேடுவது வீண். சோனாரின் உணர்திறனைச் சற்றுக் கூட்டினால் அந்த அடுக்கு திரையின் குறுக்கே மங்கலான பட்டையாகத் தெரியும். இரை அதற்கு மேலேதான் ஓட வேண்டும். 30 அடி ஆழமான ஏரியிலும் கோடையில் மீன்பிடிக்க உதவுவது மேல் 15 அடி மட்டுமாக இருக்கலாம். பரந்து ஆழம் குறைந்த ஏரிகளில் பலத்த காற்று இந்தப் பிரிவைக் கலைத்துவிடுவதும் உண்டு. பட்டை தெரியாவிட்டால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. மணிக்கு 1.8 மைல் என்பது நொடிக்குச் சுமார் 2.6 அடி. 100 அடி பின்னால் வரும் இரை, நீங்கள் திரையில் மீனைப் பார்த்த இடத்தை அடைய ஏறக்குறைய 38 நொடிகள் ஆகும். இதற்குள் "ஒன்றும் எடுக்கவில்லையே" என்று படகைத் திருப்பிவிட்டால் இரை மூலையை உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போய்விடும்; மீனிருந்த இடத்தைத் தொடவே தொடாது. கூட்டத்தைக் கடந்த பிறகு ஒரு நிமிடமாவது நேராகப் போங்கள். திரை காட்டுவது படகின் நேர்கீழே உள்ளதை மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். சோனார் ஒலியின் 20 பாகைக் கூம்பு 12 அடி ஆழத்தில் 4 அடி அகலத்தைத்தான் பார்க்கிறது. பக்கவாட்டில் 16 அடி கழியின் நுனிக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஆழம் சரி, பொறுமையும் சரி, இன்னும் ஒன்றுமில்லை என்றால் வேகத்துக்கு வாருங்கள். 1.5 மைலில் தொடங்கி 0.1, 0.2 என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு வேகத்துக்கும் பத்து நிமிடமாவது கொடுங்கள். நடுக்கோடையில் 1.8க்கும் 2க்கும் இடையே பதில் கிடைப்பதுதான் என் அனுபவம். ஆனால் மந்தமான நாட்களில் 1.4இல் எடுத்த மீன்களும் உண்டு. இந்த அளவுக்குள் வேகத்தை மாற்றினால் ஈயம் கட்டாத கிராங்க்பெய்டின் ஆழம் பெரிதாக மாறாது. அதனால் இரண்டு மாற்றங்களைக் குழப்பிக்கொள்ளாமல் சோதிக்க முடிகிறது.

இவ்வளவுக்கும் பிறகே நிறம். வட மிசிசிப்பி ஏரிகள் கலங்கலானவை. அங்கே இளஞ்சிவப்பும், ஆரஞ்சும், பளிச்சென்ற மஞ்சள் பச்சையும் செல்லும். தெளிந்த நீரில் ஷாட் மீனைப் போன்ற வெள்ளி, வெளிர்நீலம். அதற்கு மேல் நிறத்தைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் கடைக்காரருக்குத்தான் லாபம்.

அறிகுறி: காற்றோடு போகும்போது எடுக்கிறது, திரும்பி வரும்போது இல்லை

ஜி.பி.எஸ். காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். இரைக்கு வேண்டியது நீரைப் பொறுத்த வேகம். இரண்டும் ஒன்றாக இருப்பது காற்றில்லாத, ஓட்டமில்லாத நாளில் மட்டும்.

காற்று மேல்நீரைத் தன்னோடு தள்ளிச் செல்கிறது. தள்ளப்பட்ட நீர் அடியில் எங்காவது திரும்பி வந்தாக வேண்டும். உங்கள் இரை எந்த ஓட்டத்தில் இருக்கிறது என்று படகிலிருந்து தெரியாது. டென்னசி ஆற்றில் அமைந்த கென்டக்கி ஏரி போன்ற இடங்களில் அணையில் மின் உற்பத்தி நடக்கும்போது உண்மையான ஆற்றோட்டமே வந்துவிடும். ஓட்டத்தோடு 1.8 மைலில் போனால் இரை தூங்கிவழியும். ஓட்டத்தை எதிர்த்து அதே 1.8 மைலில் போனால் துடிதுடிக்கும்.

எண்ணை விட்டுவிட்டுக் கழி நுனியைப் பாருங்கள். மீன் எடுத்த திசையில் நுனி எவ்வளவு வளைந்து, எந்தக் கதியில் அதிர்ந்ததோ, அதையே திரும்பும்போதும் கொண்டுவாருங்கள். ஜி.பி.எஸ். 1.5 என்று காட்டினாலும் 2.2 என்று காட்டினாலும் கவலைப்பட வேண்டாம். நுனியை ஒரே மாதிரி அதிர வைத்தும் ஒரு திசையில் மட்டுமே எடுக்கிறது என்றால், மீன் ஓட்டத்தைப் பார்த்து நிற்கிறது, இரை முன்னாலிருந்து வருவதை விரும்புகிறது என்று பொருள். அப்போது வாதம் செய்யாமல் கழிகளைச் சுருட்டிக்கொண்டு சுற்றி வந்து அதே திசையில் மீண்டும் இழுப்பதுதான் வழி.

பின்காற்று பலமாக இருந்து படகு தானாகவே 2.5 மைலில் ஓடுகிறதா? துணியாலான இழுவைப்பையைப் படகோடு கட்டி நீரில் விடுங்கள். மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டி வேகத்தைக் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நரம்பு விசிறியில் சுற்றிக்கொள்ளும் நாளில் அவர்களுக்கே புரிந்துவிடும்.

அறிகுறி: ஒரே ஒரு கழியில் மட்டும் மீன் வருகிறது

வரம்தான். ஆனால் காரணம் தெரியாவிட்டால் மற்ற கழிகள் சும்மா ஊர்வலம் போகின்றன.

அந்தக் கழியைத் தொடாதீர்கள். அதிலிருக்கும் இரை, நீளம், நரம்பு மூன்றையும் குறித்துக்கொண்டு பக்கத்துக் கழியை அதேபோல் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால், மீன் இடம் மாறும்போது உங்களிடம் வேறு தகவலே இருக்காது.

எண்கள் எல்லாம் ஒன்றாகவே இருந்தும் ஒரு கழி மட்டும் தனியாக மீன் பிடித்தால் ரீலின் உருளையைப் பாருங்கள். கணக்கி நரம்பை அளப்பதில்லை. உருளை எத்தனை முறை சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. நரம்பு நிறைந்த உருளையின் ஒரு சுற்றில் வெளியேறும் நீளமும், பாதி காலியான உருளையின் ஒரு சுற்றில் வெளியேறும் நீளமும் ஒன்றல்ல. போன மாதம் சிக்கலில் 60 அடியை வெட்டி எறிந்த ரீல் 100 என்று காட்டும்போது உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் விட்டிருக்கும். அதனாலேயே அதன் இரை மேலே ஓடுகிறது, மீனும் அங்கேதான் நிற்கிறது. எல்லா ரீல்களிலும் ஒரே நரம்பை ஒரே அளவுக்கு நிரப்பி வைப்பதே தீர்வு. சந்தேகம் வந்தால் கரையில் 100 அடியை நாடாவால் அளந்து ஒப்பிடுங்கள்.

ஒரு பக்கம் முழுவதும் எடுக்கிறது, மறுபக்கம் இல்லை என்றால் பெரும்பாலும் தரையின் சரிவுதான் காரணம். பழைய ஆற்றுப் படுகையின் விளிம்பை ஒட்டிப் போகும்போது ஒரு பக்கக் கழிகள் விளிம்பின் மேலும், மறுபக்கக் கழிகள் வெறும் வெட்டவெளியிலும் ஓடுகின்றன. எடுக்கும் பக்கத்தை நோக்கிப் படகை 20 அடி நகர்த்திப் பாருங்கள்.

அறிகுறி: திரும்பும்போது மட்டும் எடுக்கிறது

இந்த அறிகுறியைக் கோளாறு என்பதைவிடத் துப்பு என்பேன். படகு வளையும்போது உள்பக்க இரைகள் வேகம் குறைகின்றன, வெளிப்பக்க இரைகள் வேகம் கூடுகின்றன. உள்பக்கம் எடுத்தால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். வெளிப்பக்கம் எடுத்தால் மெதுவாகப் போகிறீர்கள். நேர்கோட்டிலும் அந்த வேகத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இது ஈயம் கட்டாத இரைக்குத்தான் நேராகப் பொருந்தும். நரம்பில் 2 அவுன்ஸ் ஈயம் கோத்து, அதற்குப் பின்னால் மூன்று நான்கு அடி விட்டு கிராங்க்பெய்டைக் கட்டி இழுப்பவர்களும் உண்டு. அந்த அமைப்பில் வேகம் குறைந்தால் ஈயம் இரையைக் கீழே இழுத்துவிடும், கூடினால் மேலே எழும்பும். உள்பக்கத்தில் மீன் எடுத்தது மெதுவாக வந்ததற்காகவா, ஆழமாகப் போனதற்காகவா என்று உடனே சொல்ல முடியாது. அப்படியானால் வேகத்தை மாற்றாமல் பத்தடி நரம்பைக் கூடுதலாக விட்டுப் பாருங்கள். எடுத்தால் ஆழம்தான் காரணம். எடுக்காவிட்டால் நரம்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு வேகத்தைக் குறையுங்கள்.

காலையில் மீன் எங்கே என்று தெரியாதபோது நான் நேர்கோட்டில் போவதே இல்லை. பாம்பு போல அகலமாக நெளிந்து போனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேகங்களைச் சோதித்ததாகிவிடும்.

அறிகுறி: கழி நுனியில் அதிர்வு இல்லை, அல்லது இரை ஒருபக்கமாக ஓடுகிறது

சரியாக ஓடும் கிராங்க்பெய்ட் கழி நுனியைச் சீராகத் துடிக்க வைக்கும். துடிப்பு நின்றால் மூன்று காரணங்கள்: முள்ளில் இலையோ பாசியோ மாட்டியிருக்கிறது, முள் நரம்பையே பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது உள்ளங்கை நீள மீன் ஒன்று மாட்டிக்கொண்டு இழுபட்டு வருகிறது. எதுவானாலும் சுருட்டிப் பார்க்காமல் தெரியாது. மழைக்குப் பிந்தைய நாளில் குப்பை மிதந்தால் இதைச் சலிக்காமல் செய்ய வேண்டும். துடிக்காத இரையை அரைமணி நேரம் இழுப்பது எரிபொருள் செலவு மட்டும்தான்.

இரை நேராக வராமல் பக்கவாட்டில் விலகினால் மூக்கில் நரம்பு கட்டும் கம்பி வளையம் நேராக இல்லை என்று பொருள். படகின் அருகிலேயே நீரில் விட்டு இழுத்துப் பாருங்கள். இரை ஓடும் திசையிலேயே அதைக் கையில் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் விலகினால் வளையத்தை வலப்பக்கமாக, வலப்பக்கம் விலகினால் இடப்பக்கமாக மூக்குக்குறடால் மயிரிழை வளையுங்கள். மீண்டும் சோதியுங்கள். ஒரேயடியாக வளைத்தால் வளையம் கழன்றுவிடும், அல்லது மறுபக்கம் விலகத் தொடங்கும். புது உறையிலிருந்து எடுத்த இரைக்கும் இந்தச் சோதனை வேண்டும். மீனைக் கழற்றும்போது வளையம் வளைந்துபோவதும் சாதாரணம்.

நரம்பை வளையத்தில் நேரடியாக இறுக்கி முடிச்சுப் போட்டாலும் ஆட்டம் மட்டுப்படும். திறந்து மூடும் சிறிய வட்டமான ஸ்னாப் கொக்கி போதும். கனமான சுழலியும் ஸ்னாப்பும் சேர்ந்த கண்ணியைப் போடாதீர்கள். மூக்கு கனத்து இரை தன் இயல்பை இழந்துவிடும்.

அறிகுறி: நரம்புகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன

எட்டுக் கழிகள், எட்டு இரைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மும்முள். சிக்கினால் அன்றைய காலை முடிந்தது.

நேராக ஓடாத ஒரே ஒரு இரை போதும், மற்ற எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக. ஆகவே மேலே சொன்ன சோதனையை முடித்துவிட்டு வாருங்கள். அதற்கடுத்த காரணம் குறுகலான திருப்பம். உள்பக்க இரை நின்று மிதந்து மேலே வந்துவிடும். வெளிப்பக்கத்து நரம்புகள் அதன் மேல் வந்து விழும். திருப்பம் கால்பந்து மைதானத்தைச் சுற்றுவதுபோல் அகலமாக இருக்க வேண்டும். இடமில்லாத ஓடையில் டிரோலிங் செய்ய வேண்டாம்.

நரம்பு விடும் வரிசை: படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெளியே நீண்டிருக்கும் 16 அடிக் கழிகளை முதலில் விட்டு, உள்ளே உள்ள குட்டைக் கழிகளைக் கடைசியில் விடுங்கள். மீன் மாட்டினால் படகை நிறுத்தாதீர்கள். ஓட்டத்தில் கிராப்பி நீர்ப்பரப்புக்கு எழும்பி வழுக்கிக்கொண்டு வரும். மற்ற இரைகள் பத்தடி கீழே ஓடுவதால் அவற்றின் மேலாகக் கொண்டுவந்துவிடலாம். நிறுத்தினால் எல்லா இரைகளும் மிதந்து வந்து மீனோடு கலந்துவிடும்.

ஒரு பக்கக் கழிகளில் ஒரே வகை இரையைக் கட்டுவது நல்லது. வெவ்வேறு உதடுள்ள இரைகள் வெவ்வேறு ஆழத்தில் ஓடி, திருப்பத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்.

அறிகுறி: மாட்டுகிறது, படகருகே வந்து கழன்றுவிடுகிறது

கிராப்பியின் வாயோரம் மெல்லிய சவ்வு. முள் குத்திய துளை இழுக்க இழுக்கக் கிழிந்து அகலமாகும். இந்த மீனைப் பொறுத்தவரை பலமே எதிரி.

கழி வளைந்ததும் வெடுக்கென்று இழுப்பதை நிறுத்துங்கள். படகின் ஓட்டமே முள்ளைக் குத்திவிட்டது. உங்கள் வேலை சீராகச் சுருட்டுவது மட்டும். ரீலில் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் டிராக்கைத் தளர்த்துங்கள், பெரிய மீன் திமிறினால் நரம்பு நழுவிக் கொடுக்க வேண்டும். பின்னல் நரம்பு மெல்லியதாக இருப்பதால் இரை ஆழம் போகும் என்று சிலர் அதற்கு மாறுகிறார்கள். ஆழம் போவது உண்மைதான். ஆனால் அதில் இழுபடும் தன்மை கிடையாது. ஒவ்வொரு திமிறலும் அப்படியே வாயில் போய் விழும். மோனோ நரம்பின் இழுவையும் கழியின் இளகிய நுனியும்தான் உங்கள் பாதுகாப்பு. பாஸ் மீனுக்கான விறைப்பான கழிகளைக் கொண்டுவந்து பாதி மீனைத் தொலைத்துவிட்டு இரையைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

கடைசிப் பத்தடியில்தான் அதிக இழப்பு. நீண்ட கழியைப் பிடித்தவர் மீனைத் தானே தூக்க முயல்வார். காற்றில் தொங்கும் நொடியில் வாய் கிழியும். நீண்ட கைப்பிடி வலையோடு இன்னொருவர் பின்பக்கத்தில் நிற்கட்டும். மீனை வலைக்கு இழுங்கள். வலையால் மீனைத் துரத்தாதீர்கள், இரையின் இன்னொரு முள் வலையில் மாட்டி மீனுக்கு நெம்புகோல் கிடைத்துவிடும். தனியாகப் போகிறவர்கள் 16 அடி ஆசையை விட்டுவிட்டுக் குட்டைக் கழிகளோடு போவது நலம்.

முள் கூர்மையையும் பாருங்கள். நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்தால் பிடிக்க வேண்டும், வழுக்கக் கூடாது.

அறிகுறி: கிராப்பி தவிர எல்லாம் வருகிறது

வெள்ளை பாஸ், கெளுத்தி, டிரம் மீன், சில வேளை அலிகேட்டர் கார் என்னும் மீன் போன்ற பெரிய பற்காரர்கள். ஷாட் கூட்டத்தைச் சுற்றி எல்லோரும்தான் நிற்கிறார்கள். வெள்ளை பாஸ் தொல்லை கொடுத்தால் வேகத்தைக் குறைத்து, கூட்டத்தின் மேல்பரப்பை விட்டுச் சற்றுக் கீழே ஓட்டுங்கள். கெளுத்தி தொடர்ந்து வந்தால் இரை தரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் கிடையாது, கெளுத்தியும் சோற்றுக்கு நல்லதே.

அறிகுறி: இரை அடிக்கடி மாட்டி அறுந்துபோகிறது

அணை கட்டும் முன் காடாக இருந்த இடம். அடிமரக்கட்டைகள் இன்றும் நீருக்கடியில் நிற்கின்றன. இதற்குச் சிறந்த தீர்வு கோடையில் இல்லை, குளிர்காலத்தில் இருக்கிறது. கிரனேடா ஏரியின் கோடை மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 215 அடி. வெள்ளநீருக்கு இடம் வைக்க இலையுதிர்காலம் முதல் இறக்கி, குளிர்காலத்தில் 193 அடியில் நிறுத்துகிறார்கள். 22 அடி நீர் போனபின், ஜூலையில் நீங்கள் இரை இழுக்கும் தரையின் பெரும்பகுதி வெளியே தெரியும். கட்டை எங்கே, மேடு எங்கே, பழைய ஓடை எங்கே திரும்புகிறது என்று நடந்துபோயே ஜி.பி.எஸ்.ஸில் குறித்துக்கொள்ளலாம்.

மாட்டிய இரையை மீட்க, முதலில் நரம்பைத் தளர விடுங்கள். உதடுதான் கட்டையில் இடித்திருக்கும், முள் இன்னும் ஏறாமல் இருக்கலாம்; அப்படியானால் மிதக்கும் இரை தானாகவே பின்னால் எழும்பி வந்துவிடும். வராவிட்டால் படகைத் திருப்பிக் கட்டையின் மறுபக்கம் போய் எதிர்த்திசையில் இழுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நரம்பில் கோத்து இறக்கும் ஈயக்குண்டு ஒன்றைத் தனிக் கயிற்றில் கட்டி இரையின் மூக்கில் போய் இடிக்க விடுங்கள். நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்க வேண்டாம், 10 பவுண்டு நரம்பு விரலை அறுக்கும்.

அறிகுறி: காலையில் எடுத்தது, பத்து மணிக்குமேல் நின்றுவிட்டது

மீன் வாயை மூடிக்கொள்ளவில்லை, இடம் மாறியிருக்கிறது. விடியலில் மேலே இருந்த ஷாட் கூட்டம் வெளிச்சம் ஏறியதும் கீழே இறங்கலாம், கிராப்பியும் கூடவே இறங்கும். பத்துப் பத்து அடியாக நரம்பைக் கூட்டுங்கள், தெர்மோகிளைன் வரை. அங்கும் இல்லையென்றால் அதே ஆழத்தில், காற்று வீசும் திசையில் உள்ள பக்கத்துக்குப் போய்த் தேடுங்கள். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைக் காற்று அங்கே ஒதுக்கும், அவற்றைத் தின்ன ஷாட் வரும்.

பிற்பகலில் மேகம் கறுத்து இடி கேட்டால் எந்தக் கோளாறையும் ஆராய வேண்டாம். கிராஃபைட் கழி மின்சாரத்தைக் கடத்தும். 16 அடிக் கழிகளை விரித்துக்கொண்டு நடு ஏரியில் நிற்பது எதற்கும் தகாது. உடனே கரைக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி: மீன் வீட்டுக்கு வந்தபோது சதை குழைந்திருக்கிறது

ஜூலையில் மேல்நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும். படகின் உயிர்மீன் தொட்டிக்குள் பம்பு ஏற்றுவதும் அதே நீர்தான். ஆழத்திலிருந்து வந்த மீன் அதில் அரைமணி நேரம் தவித்துச் செத்து மிதக்கும், யாரும் கவனிப்பதற்குள் சதை கெடத் தொடங்கும். தொட்டியை மறந்துவிடுங்கள். பெரிய பெட்டியில் பனிக்கட்டியும் கொஞ்சம் நீரும் சேர்த்துக் கூழாக வைத்துக்கொண்டு, எடுத்துச் செல்லும் மீனை முள்ளைக் கழற்றியதும் அதிலேயே போடுங்கள். வெறும் பனிக்கட்டியின் மேல் வைப்பதைவிட இது வேகமாகக் குளிர்விக்கும். இதே காரணத்தால் சிறிய மீனைத் தொட்டியில் வைத்திருந்து பெரியது கிடைத்தபின் விட்டுவிடும் வழக்கமும் கோடைக்கு ஆகாது. விடுவதென்றால் பிடித்த கையோடு விட்டுவிட வேண்டும். கிளம்பும்போது ஒரு மூட்டை பனிக்கட்டி போதும் என்று தோன்றினால் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.